மானுக்கு எந்தக் குண்டு?

ஏற்காட்டு மலையில் கூடிய அங்கத்தினர் கூட்டமொன்றில், காப்பிக் கொள்முதல், உரக்கடன், பங்கு ஈவு ஆகிய விஷயங்கள் பேசி முடிந்த பின்னர், பின்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். மானைச் சுடுவதற்கு எந்தக் குண்டு ஏற்றது என்று சங்கத்தில் யாராவது சொல்ல முடியுமா என்பதே அக்கேள்வி. சிலர் சிரித்தனர், சிலர் தலையைக் குனிந்துகொண்டனர். தலைமை வகித்தவர், அது சட்ட விரோதமான பேச்சு என்று கூறி, அடுத்த விஷயத்துக்குச் சென்றுவிட்டார். கேட்டவரும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

அப்பெரியவர் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. மலைச்சரிவில் அவர் விதைத்திருந்த பீன்ஸும் அவரையும் இரண்டே இரவுகளில் மொட்டையடிக்கப்பட்டிருந்தன. சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடன் அப்படியே நிற்கிறது. பாட்டனார் காலத்து நாட்டுத் துப்பாக்கியொன்று வீட்டுப் பரணில் கிடந்தது. அதை மகன் இறக்கி எண்ணெயிட்டுத் துடைக்கத் தொடங்கியிருக்கிறான். கூட்டம் கலைந்த பிறகு பெரியவர் நம்மிடம் இதைச் சொன்னார். அவர் வாயில் வந்தது குண்டைப் பற்றிய கேள்வி. மனத்தில் இருந்ததோ மகனைப் பற்றிய கவலை.

ஒரு கேள்வியைச் சிரித்து அடக்குவது எளிது. ஆனால் கூட்டத்தில் விடை கிடைக்காதவன் அந்த விடையைச் சாராயக்கடை வாசலிலோ, இரவு வேட்டைக்குக் கூட்டாளி தேடுகிறவனிடமோ தேடிப் பெறுவான். ஆகையால் அந்தக் கேள்விக்கு இப்பத்திரிகையிலேயே நேர்மையாக விடை கூற விரும்புகிறோம். முழு விடையையும் கேட்டவர் தாமாகவே துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுவார் என்பது நமது நம்பிக்கை.

நூலின் நம்பரும் குழலின் நம்பரும்

நெசவாள அங்கத்தினர்களுக்கு இவ்விஷயம் அந்நியமாகத் தோன்றலாம். ஆனால் துப்பாக்கிக்காரர்களின் கணக்கும் நமது நூல் கணக்கும் ஒரே தராசில் பிறந்தவை. 40ஆம் நம்பர் நூல் என்றால் என்ன? 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் 40 சேர்ந்தால் ஒரு ராத்தல் எடை என்பது பொருள். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். தோட்டாத் துப்பாக்கியை '12 போர்' என்று சொல்வதும் அதே முறையில்தான். ஒரு ராத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றில் ஓர் உருண்டை அத்துப்பாக்கியின் குழலுக்குள் சரியாகப் பொருந்தும் என்பதே அதன் பொருள். இங்கும் நம்பர் ஏற ஏறக் குழல் சிறுக்கும்.

நூலின் நம்பரைக் கேட்பதற்கு முன், நெய்யப்போவது வேட்டியா, ஜமுக்காளமா என்று நெசவாளர் கேட்பார். அதுபோல், குண்டின் வகையைக் கேட்பதற்கு முன் அந்தக் குண்டு செய்யவேண்டிய வேலை என்னவென்று கேட்க வேண்டும். வேட்டையின் நியாயத்தை ஒப்புக்கொள்ளும் தேசங்களில்கூட அவ்வேலை ஒன்றுதான்: விலங்கை நொடிப்பொழுதில், ஒரே அடியில், வேதனை நீளாமல் வீழ்த்துவது. அந்த வேலையைச் செய்யாத குண்டு எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் தவறான குண்டே.

மான் மெலிந்த பிராணியாகத் தோன்றினாலும் எளிதில் வீழ்வதில்லை. வளர்ந்த ஆண் புள்ளிமான் 70 முதல் 90 கிலோ வரை நிற்கும். ஆண் கடமான் 200 கிலோவைக் கடக்கும். இருதயமும் நுரையீரலும் அமைந்த நெஞ்சுக்கூட்டில் அடிபட்டால் விரைவில் விழும். வயிற்றிலோ தொடையிலோ அடிபட்டால் ஓடிவிடும். பல மணி நேரமோ பல நாட்களோ புதரில் கிடந்து புழுவைத்துச் சாகும். எனவே குண்டு சரியான இடத்தில் பட வேண்டும். பட்ட இடத்தில் விரிந்து தன் வேகம் முழுவதையும் அங்கேயே செலவிட வேண்டும். இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் அது வேட்டையன்று, சித்திரவதை.

டம்டம் காட்டும் முரண்

குண்டுகளில் இரு பெரும் பிரிவுகள் உண்டு. ஈயத்தை முழுவதும் செம்பு உறையால் மூடியது ஒரு வகை. அது உடலில் சிறு துளையிட்டு மறுபுறம் வெளியேறிவிடும். பட்ட உயிர் காயத்தோடு நெடுந்தூரம் ஓடக்கூடும். முனையில் உறை இல்லாமல் ஈயம் வெளித்தெரியும்படியாகவோ, முனை குழிவாகவோ அமைந்தது மற்றொரு வகை. அது சதையில் புகுந்ததும் காளான்போல் விரிந்து, பெருங்காயம் உண்டாக்கி, விரைவில் உயிரைப் பறிக்கும்.

இந்த இரண்டாம் வகைக்கு உலகமெங்கும் வழங்கும் ஒரு பெயர் நம் நாட்டிலிருந்தே சென்றது. கல்கத்தாவுக்கு அருகில் உள்ள டம்டம் என்னும் ஊரின் ஆயுதச் சாலையில் 1890களில் பிரிட்டிஷ் இராணுவத்துக்காக இத்தகைய குண்டுகள் செய்யப்பட்டன. 'டம்டம் குண்டு' என்ற பெயர் அவ்வாறு வந்தது. மனிதர் மேல் இதனைப் பிரயோகிப்பது கொடுமை என்று கருதி, 1899இல் ஹேக் நகரில் கூடிய சர்வதேச மகாநாடு யுத்தத்தில் இதற்குத் தடை விதித்தது.

வேட்டையிலோ நிலைமை நேர்மாறானது. பிரிட்டனின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம், மானை ரைபிளால் சுடுவோர் விரிந்து பரவும் குண்டையே உபயோகிக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறது. குழலின் விட்டம் 0.240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, குண்டு வெளியேறும் வேகசக்தி 1,700 அடி-ராத்தலுக்குக் குறையக் கூடாது என்றும் அச்சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் அளவு வகுத்திருக்கிறது. மனிதனுக்குக் கொடுமை என்று விலக்கப்பட்டதே மானுக்குக் கருணை என்று விதிக்கப்பட்டது. இந்த முரண் சிந்திக்கத்தக்கது. போரில் காயம்பட்டவனைத் தூக்கிச்செல்லத் தோழர் உண்டு, மருத்துவர் உண்டு. காயம்பட்ட மானுக்கு யாரும் இல்லை. ஆதலால் அதற்குச் செய்யக்கூடிய ஒரே தயவு, காயத்தோடு விட்டுவிடாமல் இருப்பதுதான்.

ஆக, பெரியவரின் கேள்விக்குப் புத்தக விடை இதுதான்: போதிய வேகசக்தியுள்ள ரைபிள், விரிந்து பரவும் குண்டு, நெஞ்சுக்கூட்டில் தவறாது அடிக்கும் பயிற்சி. இனி நம் மலையில் உள்ள நிலையைப் பார்ப்போம்.

பரணில் கிடக்கும் துப்பாக்கி

சேர்வராயன் மலையூர்களில் பரணிலும் புதரிலும் ஒளித்துவைக்கப்படும் துப்பாக்கிகள் பெரும்பாலும் குழலின் வாய் வழியாகக் கருமருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிகள். அவற்றின் குழலில் புரி கிடையாது. ஆகவே குண்டு சுழன்று நேராகச் செல்வதில்லை. மருந்தின் அளவு கைக்குத்துமதிப்பு. உள்ளே இடுவது ஈயத் துண்டாகவும் இருக்கலாம், சைக்கிள் பால்ரஸாகவும் இருக்கலாம், உடைத்த இரும்பாகவும் இருக்கலாம். இருபது கெஜத்துக்கு அப்பால் எங்கே படும் என்பதைச் சுடுகிறவனும் அறியான். இரவில் தலைவிளக்கின் ஒளியில், கண்கள் மின்னும் திசையை நோக்கிச் சுடும்போது நெஞ்சுக்கூடு என்றும் குறி என்றும் பேசுவதில் அர்த்தமில்லை.

தோட்டாத் துப்பாக்கி வைத்திருப்போரும் இதில் பெரிதாக மேம்பட்டவரல்லர். எஸ்.ஜி. என்னும் வகை ரவை அவுன்சுக்கு 8, எல்.ஜி. என்பது அவுன்சுக்கு 6. தூரம் கூடக்கூட இந்த ரவைகள் பரந்து சிதறும். ஒன்றிரண்டு மட்டும் மானின் உடலில் பட்டால் அது சாவதில்லை; ஓடுகிறது. காயப்பட்ட விலங்கைத் தேடி அதன் துன்பத்தை முடிக்காமல் வீடு திரும்பலாகாது என்பது பழைய வேட்டைக்காரர்களின் முதல் விதி. திருட்டுத்தனமாகச் சுடுகிறவனால் இந்த விதியைக் காப்பாற்ற இயலாது. வெடிச்சத்தம் கேட்டு ஆள் வருமுன் அவன் ஓட வேண்டியவன்.

இன்னொரு அபாயமும் உண்டு. நமது மலை மக்கள் இல்லாத வனாந்தரமன்று. சேலம் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் 1820களில் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்த நாள் முதல், தோட்டமும் காடும் ஊரும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சில்வர் ஓக் நிழலில் விடியற்காலையில் பழம் பறிக்கச் செல்லும் பெண்கள் இருக்கிறார்கள். மிளகுக்கொடிக்கு ஏணி சாய்த்தவர் இருக்கிறார். சரிவுக்குக் கீழே இன்னொருவர் வீடு இருக்கிறது. சிறிய 0.22 அங்குல ரைபிளின் குண்டுகூடத் தடையின்றிச் சென்றால் ஒரு மைலுக்கு மேல் பாயக்கூடியது. ஏற்காட்டுத் தோட்டங்களில் நடமாடும் காட்டெருமையோ ஆயிரம் கிலோ வரை வளரக்கூடியது. மானென்று நினைத்து அதன்மேல் சில்லுக் குண்டைச் செலுத்தினால் அது சாகாது. மறுநாள் காலையில் அவ்வழியே வரும் கூலிப்பெண் அந்தக் கோபத்துக்குப் பதில் சொல்ல நேரும்.

தட்டில் விழும் ஈயம்

குண்டைப் பற்றிப் பேசுவோர் பலரும் கறியைப் பற்றிப் பேச மறந்துவிடுகிறார்கள். இறைச்சிக்குள் புகும் ஈயக்குண்டு முழுதாக நிற்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறி, காயத்துக்கு வெகு தூரத்திலுள்ள சதையிலும் பரவுகிறது. 2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஈயக்குண்டால் சுடப்பட்ட 30 மான்களின் இறைச்சியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தனர். முறைப்படி வெட்டிச் சுத்தம் செய்து பொட்டலம் கட்டிய பின்னும், 24 மான்களின் கறியில் உலோகத் துகள்கள் காணப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டில் வட டகோட்டா மாகாணத்தில், ஏழைகளுக்கு உணவு வழங்கும் தர்ம நிலையங்கள் தானமாகப் பெற்ற மான்கறியை இதே காரணத்துக்காகக் கழித்துவிடும்படி சுகாதார இலாகா யோசனை கூறியது.

குழந்தையின் உடலில் எவ்வளவு ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்வது, கர்ப்பிணிகளுக்கும் தீங்கானது. இதை உணர்ந்தே டென்மார்க் 1996இல் ஈய ரவையையும், 2024இல் ஈய ரைபிள் குண்டையும் விலக்கியது. கலிபோர்னியா மாகாணம் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக்குண்டை அடியோடு தடை செய்தது. அந்நாடுகளில் முழுவதும் செம்பினாலான குண்டுகள் வழக்கத்துக்கு வந்திருக்கின்றன. செம்பு விரியும், ஆனால் ஈயம்போல் பொடியாகாது.

இந்த இடத்தில் சேலத்து நெசவாள அங்கத்தினர்களிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மலையில் வெடிக்கும் துப்பாக்கிக்கு விலை கொடுப்பவர் பல சமயங்களில் சமவெளியில் இருக்கிறார். பண்டிகைக்கு முதல் நாள், துணியில் சுற்றி இரகசியமாக வரும் மான்கறியை ஆட்டுக்கறியை விட அதிக விலை கொடுத்து வாங்குவதை ஒரு பெருமையாகக் கருதுவோர் நம்மிடையேயும் உண்டு. வாங்குகிறவர் இருக்கும் வரையில் சுடுகிறவனும் இருப்பான். அந்தக் கறியில் எந்தக் குண்டு புகுந்தது, எத்தனை துகள் கலந்தது என்பதை வாங்குகிறவர் அறியார். அதை அவர் தம் குழந்தையின் இலையில்தான் வைக்கிறார்.

சட்டம் சொல்வது

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடுக்கிறது. உரிமம் பெற்று வேட்டையாடுவதற்கு முன்பு அச்சட்டத்தில் இருந்த வழிகளும் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அடைபட்டன. 2022இல் செய்யப்பட்டு 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, சட்டத்தை மீறுவோருக்குப் பொதுவாக 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. காட்டெருமை போன்று முதல் அட்டவணையில் உள்ள பிராணியானால் 3 ஆண்டுகளுக்குக் குறையாமல் 7 ஆண்டுகள் வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் ஆகும். வேட்டையாடப்பட்ட பிராணியும் அதன் இறைச்சியும் சர்க்காரின் சொத்து. ஆகவே கறியைக் கையில் வைத்திருப்பவரும் குற்றத்திலிருந்து தப்ப முடியாது.

நம் அங்கத்தினர் பலர் ஒரு விஷயத்தில் தவறாக எண்ணியிருக்கிறார்கள். பயிர்ப் பாதுகாப்புக்கென்று துப்பாக்கி உரிமம் வழங்கப்படுவதுண்டு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை அதற்கெனக் குறிப்பிடுகிறது. ஆனால் அந்த உரிமம் துப்பாக்கியை வைத்துக்கொள்வதற்கு மட்டுமே. எதைச் சுடலாம் என்பதை முடிவு செய்வது வனவிலங்குச் சட்டம். ஆயுத உரிமத்தைக் காட்டி மானைச் சுட்டவர் மன்னிக்கப்படுவதில்லை. உரிமமே இல்லாத துப்பாக்கியானால் குற்றம் இரண்டாகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்குரிய தண்டனையையும் கூட்டியிருக்கிறது.

இத்தகைய வழக்கு எத்தனை காலம் ஒருவனைத் தொடரும் என்பதற்கு நாடறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1998இல் ஜோத்பூருக்கு அருகில் வெளிமான்கள் கொல்லப்பட்ட வழக்கில், புகழ்பெற்ற திரைப்பட நடிகர் ஒருவருக்கு 2018 ஏப்ரலில் 5 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அவர் அப்பீல் செய்தார். பணமும் வக்கீல்களும் உள்ளவருக்கே இருபது ஆண்டுகள் ஓடின. ஒன்றரை ஏக்கர் நிலமும் சங்கக் கடனும் உள்ள குடும்பம் சேலம் கோர்ட்டுக்கு எத்தனை ஆண்டுகள் பஸ் ஏறி இறங்க முடியும்?

பயிர் இழந்தவன் என்ன செய்வான்?

இதுவரை சொன்னதை மட்டும் சொல்லி நிறுத்தினால், நாமும் கூட்டத்தில் தலைமை வகித்தவரைப் போலவே கேள்வியைத் தட்டிக் கழித்தவர்களாவோம். மானின் வேதனையைப் பேசியது நியாயமே. ஆயினும் மொட்டையான பாத்தியைக் காலையில் பார்க்கும் விவசாயியின் வேதனையும் வேதனையே. காடு காக்கப்படுவதால் நன்மை பெறுவது தேசம் முழுவதும். அதன் செலவு மட்டும் காட்டோரத்து ஏழையின் தலையில் விழுவது எவ்வித நியாயத்திலும் சேராது.

சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 11ஆம் பிரிவின்படி, இரண்டாம் அட்டவணையிலுள்ள பிராணி மனித உயிருக்கோ, விளைந்து நிற்கும் பயிர் உள்ளிட்ட சொத்துக்கோ ஆபத்தானால், தலைமை வனஉயிரினக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ காரணங்களை எழுத்தில் காட்டி அனுமதி வழங்கலாம். இவ்வழியிலேயே 2025 ஜனவரியில் தமிழ்நாடு சர்க்கார் காட்டுப்பன்றி பற்றி ஆணை பிறப்பித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம் என்பது அதன் சாரம்.

சமவெளி விவசாயிக்கு இது உதவக்கூடும். ஏற்காட்டு விவசாயிக்கோ? அவருடைய நிலத்தின் வேலியே பல இடங்களில் காப்புக்காட்டின் எல்லை. 3 கிலோமீட்டர் நடந்தால் அவர் இன்னொரு காட்டுக்குள் போய்ச் சேர்வார். அதாவது, சேதம் மிகுந்த இடத்தில் இந்த ஆணையின் பயன் மிகக் குறைவு. காட்டோரத்தில் சுட அனுமதி வேண்டும் என்று நாம் கேட்கவில்லை; அங்கே சுடாமலிருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. ஆனால் சுட முடியாத இடத்தில் வேலியும் நிவாரணமும் இரட்டிப்பாக இருக்க வேண்டும் என்று கேட்பது நமது உரிமை. எங்கேனும் சுடுவது தவிர்க்க முடியாததானால், பயிற்சி பெற்ற கை, தக்க ரைபிள், ஈயம் கலவாத விரியும் குண்டு ஆகிய மூன்றும் கட்டாயமாக வேண்டும் என்றும் கேட்கிறோம். பெரியவர் கேட்ட கேள்வி உண்மையில் சேர வேண்டிய இடம் அதுவே.

சங்கம் செய்யக்கூடியவை

முதலாவதாக, சேதப் பதிவேடு. தனித்தனியாக இழந்து, தனித்தனியாகப் புலம்பினால் அது கணக்கில் ஏறாது. ஒவ்வொரு கிளையிலும் ஒரு பதிவேடு வைத்து, தேதி, சர்வே எண், பயிர், சேதமடைந்த பரப்பு, வந்த விலங்கின் அடையாளம், புகைப்படம் ஆகியவற்றைச் சேர்த்து மாதந்தோறும் வனத்துறைக்கும் வருவாய்த் துறைக்கும் சங்கத்தின் பெயரால் அனுப்ப வேண்டும். ஒருவர் மனுவைத் திருப்பி அனுப்பலாம். நூறு பேரின் பதிவேட்டைத் திருப்பி அனுப்புவது எளிதன்று.

இரண்டாவதாக, கூட்டு வேலி. ஒருவர் தம் நிலத்துக்கு மட்டும் வேலியிட்டால் விலங்கு அடுத்தவர் நிலத்துக்குச் செல்லும். அடுத்தடுத்த பத்து நிலங்களைச் சேர்த்து ஒரே வேலியாக இட்டால் ஏக்கருக்கு ஆகும் செலவு குறையும். ஐந்து ஏக்கர் சதுர நிலத்துக்கு வேண்டிய கம்பியைப் போல் நான்கு மடங்கு வேண்டாம், இருபது ஏக்கர் சதுரத்துக்கு இரண்டு மடங்கே போதும் என்பது பள்ளிச் சிறுவனும் போடும் கணக்கு. இதற்கெனச் சங்கம் நடுத்தரக் காலக் கடன் வழங்கலாம். சூரிய சக்தி வேலியானால், 2023ஆம் ஆண்டு விதிகளின்படி காட்டை அடுத்த நிலங்களுக்கு வனத்துறையின் அனுமதி பெற வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் பாய்ச்சுவது மட்டும் எக்காரணத்தாலும் கூடாது. அது விலங்கை மட்டுமன்றி, தண்ணீர் பாய்ச்ச வரும் அண்டை வீட்டாரையும் கொல்லும்.

மூன்றாவதாக, முறைக்காவல். தினைப்புனம் காக்கப் பரணும், கவணும், தட்டையும் குளிரும் வைத்திருந்த குறிஞ்சி மக்களைப் பற்றி நமது பழைய இலக்கியம் பேசுகிறது. விதைப்பு முதல் அறுப்பு வரையிலுள்ள சில வாரங்களே ஆபத்தான காலம். அக்காலத்தில் குடும்பங்கள் முறைவைத்துக் காவலிருந்தால், ஒருவர் மட்டும் தினமும் கண் விழிக்க வேண்டியதில்லை. கூடவே, உண்ணிச்செடி மண்டிக் காட்டில் புல் குறைந்த இடங்களில் அதை அகற்றும் வேலையை வனத்துறை ஏற்று, மலை மக்களுக்கே கூலிக்கு வழங்க வேண்டும். காட்டில் மேய்ச்சல் இருந்தால் பாத்தியைத் தேடி வருவது குறையும்.

நான்காவதாக, பரணில் கிடக்கும் துப்பாக்கி. உரிமமற்ற துப்பாக்கியை ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் தாமாகவே ஒப்படைக்க முன்வருவோருக்குச் சங்கம் துணை நிற்க வேண்டும். பயத்தால் ஒளித்து வைக்கப்படும் துப்பாக்கி, என்றாவது ஒருநாள் கோபத்தால் வெளியே எடுக்கப்படும்.

இந்த இதழ் அச்சுக்குச் செல்லும் முன் அப்பெரியவரை மீண்டும் சந்தித்தோம். மேலே எழுதிய யாவற்றையும் சொன்னோம். அவர் நெடுநேரம் யோசித்து, சரியான குண்டைச் சொல்வீர்கள் என்று வந்தேன், சரியான கணக்கைச் சொன்னீர்கள், அந்தப் பதிவேட்டில் என் பீன்ஸை முதல் வரியாக எழுதுங்கள் என்றார். துப்பாக்கியை மகனோடு சேர்ந்தே கொண்டுபோய்க் கொடுப்பதாகவும் சொன்னார்; கூட வருவதாக நாமும் வாக்களித்திருக்கிறோம்.

அவர் தம் பங்கைச் செய்ய முன்வந்துவிட்டார். பதிவேட்டைத் திறப்பதும், வேலிக்கடனுக்கு வழி செய்வதும் நம் பங்கு. அடுத்த பொதுச்சபைக் கூட்டத்தில் இவ்விரண்டையும் தீர்மானமாகக் கொண்டுவர மலையிலும் சமவெளியிலும் உள்ள அங்கத்தினர் யாவரும் முன்வருமாறு வேண்டுகிறோம். அக்கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து எழும் கேள்விக்கு யாரும் சிரிக்காதிருக்கட்டும்.